அம்மாவுக்கும் வேலை செய்யிற வீடு

சென்ற ஒக்ரோபரில் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழும்பிய நான், மேல்மாடி நடையில் ஒரு சின்ன வெளிச்சம் அசைவதைக் கண்டு திடுக்கிட்டுப் போனேன். பார்த்தால் அம்மா. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் தன்னுடைய பழைய போனின் ரோச் வெளிச்சத்தோடு பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தா.

“ஏன் அம்மா லைற்றைப் போடேல்லை?”

“சுவிச்சில ரேப் ஒட்டிக் கிடக்கு. தொடக்கூடாதாக்கும் எண்டு நினைச்சன்.”

“வாயால சொன்னாலே எரியும் எண்டு காட்டித் தந்தனான் எல்லோ?”

“பிள்ளையள் நித்திரை. இந்த நேரத்தில சத்தம் போட்டு லைற்றைக் கூப்பிடச் சொல்லுறியே?”

இதற்கு என்ன பதில் சொல்வது? மூன்று கிழமையாக இப்படித்தான் நடக்கிறாவாம். முழங்காலுக்குக் கீழே கண்டிப்போயிருந்தது, படிக்கட்டில் இடித்ததாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ இன்னொண்டு வாங்கிப் பூட்டுவாய்.”

நான் ஒரு மென்பொருள் பொறியியலாளர். வேலையில், பாவிக்கப் போகிறவர்களைக் கேட்காமல் ஒரு பொத்தானின் இடத்தைக்கூட மாற்ற மாட்டோம். அதற்கென்றே கூட்டம் வைப்போம், சோதனை வைப்போம். அப்படிப்பட்ட நான் சொந்த வீட்டில் ஒருவரையும் கேட்காமல் 14 பல்புகளை மாற்றி, அவற்றுக்கு மின்சாரம் நின்றுவிடக் கூடாது என்று சுவர்ச் சுவிச்சுகளில் ரேப்பும் ஒட்டி வைத்திருந்தேன்.

வீடு வாங்கி அதை ‘ஸ்மார்ட்’ ஆக்க யோசிக்கிற குடும்பங்களுக்காக, குறிப்பாக எங்களைப் போல அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் ஒரே கூரைக்குள் வைத்திருப்பவர்களுக்காக, நான் விட்ட பிழைகளையும் பிறகு எடுத்த முடிவுகளையும் எழுதுகிறேன்.

வீடும் வீட்டு ஆக்களும்

எட்டு வயதில் கனடாவுக்கு வந்தவள் நான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ்தான் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற வருடம் ஜூன் மாதம் ஸ்காபரோவில் 1972ஆம் ஆண்டு கட்டிய வீடொன்றை வாங்கினோம். இவர், நான், பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன். அப்பா தவறிய பிறகு எங்களோடு வந்த அம்மா. ஆக ஐந்து பேர்.

ஐந்து பேரில் அப் வைத்திருப்பது இரண்டு பேர். வீட்டில் ஆகக் கூடிய நேரம் இருப்பது அம்மா. இந்த இரண்டு விஷயத்தையும் முதலே ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் எனக்குப் பாதிக் காசு மிஞ்சியிருக்கும்.

முதல் வேலை: பழைய வீட்டுக்காரரை வெளியே அனுப்புவது

சாவி கைக்கு வந்துவிட்டது, வீடு இனி எங்களுடையது என்றுதான் நினைத்தோம். வாசலில் கமரா வைத்த அழைப்பு மணி ஒன்று ஏற்கெனவே பூட்டியிருந்தது. நல்லதாய்ப் போச்சு, ஒரு செலவு மிச்சம் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் கிழமை வீட்டை விற்றவர் இவருக்கு ஒரு செய்தி அனுப்பினார்: “உங்கள் வாசலில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள்.” நல்ல மனிதர், உதவியாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வாசல் இன்னமும் அவருடைய போனில் தெரிந்துகொண்டிருந்தது! பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆகவே, பழைய வீடு வாங்குகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது இது. பூட்டு, தெர்மோஸ்ராற், அழைப்பு மணி, கராஜ் கதவு, வெளிக் கமரா எல்லாவற்றையும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புங்கள். விற்றவரிடம் தன் கணக்கிலிருந்து அவற்றை நீக்கச் சொல்லுங்கள். கதவுப் பூட்டின் இலக்கங்களை எல்லாம் அழித்துப் புதிதாகப் போடுங்கள். விட்டுப்போன பொருள் ஆருடைய கணக்கில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கழற்றி வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போக முதல் சுவருக்குள் பாருங்கள்

ஸ்மார்ட் சுவிச் பற்றி இணையத்தில் வருகிற காணொளிகளில் எல்லாம், இரண்டு ஸ்குரூவைக் கழற்று, நாலு வயரைக் கொழுவு, பத்து நிமிஷத்தில் முடிஞ்சுது என்பார்கள். புது வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் சுவிச்சைக் கழற்றிப் பார்த்த எலெக்ரீசியன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய கம்பி வெள்ளி நிறத்தில் இருந்தது. அலுமினியம்.

1960களின் நடுவிலிருந்து 70களின் நடு வரை கனடாவில் கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் செம்பை விடக் கூடுதலாக விரியும், காற்றுப் பட்டால் மேலே ஒரு படலம் பிடிக்கும். இணைப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து சூடேறும். செம்புக் கம்பிக்கென்று செய்த சாதனத்தை அதில் நேரே பூட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சந்தையில் இருக்கிற ஸ்மார்ட் சுவிச்சுகள் பெரும்பாலும் செம்புக் கம்பிக்கு மட்டும் செய்தவை. அங்கீகரிக்கப்பட்ட இணைப்பிகள் மூலம் ஒரு சிறு செம்புக் கம்பியை இடையில் தொடுத்துத்தான் பூட்ட வேண்டும். இது யூரியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. ஒன்ராறியோவில் ஆள் பிடித்துச் செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத்தான் பிடிக்க வேண்டும், வேலையை மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். வீட்டுக் காப்புறுதிக்காரரும் அலுமினிய வயரிங் பற்றிக் கேட்பார்கள்.

இரண்டாவது சிக்கல் ‘நியூட்ரல்’ வயர். சாதாரண சுவிச்சுக்கு அது தேவையில்லை. ஆனால் ஸ்மார்ட் சுவிச்சுக்குள் ஒரு குட்டிக் கொம்பியூற்றர் எந்த நேரமும் விழித்திருக்கிறது. லைற் நூர்ந்திருந்தாலும் அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்குத்தான் நியூட்ரல். பழைய வீடுகளின் சுவிச் பெட்டிகளில் பல நேரம் அது இருக்காது. பிரித்தானியாவிலும் பழைய வீடுகளில் இதே கதைதான். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்கிற டிம்மர்களும் இருக்கின்றன. நாங்கள் கடைசியில் லுற்ரொன் நிறுவனத்தின் கசேற்றா டிம்மர்களை எடுத்ததற்கு அதுதான் முக்கிய காரணம்.

வாங்க முதல் இரண்டு சுவிச்சையாவது எலெக்ரீசியனைக் கொண்டு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.

பல்பா, சுவிச்சா?

ஸ்மார்ட் பல்பில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. வயரிங் வேலை இல்லை, வாடகை வீட்டுக்கும் சரி, நிறம் நிறமாய் எரியும். ஆனால் ஆராவது சுவரில் சுவிச்சை நூர்த்துவிட்டால் பல்பு செத்துப்போகும். பிறகு அப்பில் தட்டினாலும் சரி, வாயால் கத்தினாலும் சரி, எரியாது. அதனால்தான் நான் ரேப் ஒட்டினேன். எழுபது வருடமாக சுவிச்சைத் தட்டி லைற் போட்ட ஒருவரின் கையைக் கட்டிப்போட்டது அந்த ரேப்.

ஸ்மார்ட் சுவிச் இதற்கு மறுவளம். பல்பு சாதாரணம், மூளை சுவருக்குள் இருக்கிறது. அம்மா தட்டினாலும் எரியும், நான் வேலையிலிருந்து அப்பில் தட்டினாலும் எரியும், நேரம் வைத்தாலும் எரியும். விருந்தாளி வந்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. விலை கூடத்தான். ஆனால் ஒரு சுவிச் ஆறு பல்பைப் பார்த்துக்கொள்ளும் என்றால் கணக்கு மாறிவிடும்.

அந்த ஒக்ரோபர் விடியலுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவில்லை. நடை, படிக்கட்டு, அம்மாவின் அறை, குசினி. இந்த நாலு இடத்துக்கு மட்டும் சுவிச் மாற்றினோம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பற்றரியில் வேலை செய்கிற ஒரு சின்னப் பொத்தான் வைத்தோம். அமத்தினால் நடை லைற் மங்கலாய் எரியும். நடையில் ஆள் அசைந்தாலும் எரியும். கழற்றிய ஸ்மார்ட் பல்புகளில் இரண்டு மகனின் அறையில் நீலமும் சிவப்புமாய் எரிகின்றன. அவனுக்குச் சந்தோஷம்.

சாமி அறையில் ஒரு பாடம்

அசைவு உணரிகள் நல்ல வேலை செய்ததைக் கண்டு சாமி அறையிலும் ஒன்று பூட்டினேன். மூன்றாம் நாள் அம்மா கேட்டா: “நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க லைற் நூருது. இதுக்கு என்ன கோவம்?”

மலிவான அசைவு உணரிகள் உடம்புச் சூடு இடம்மாறுவதைப் பார்ப்பவை. ஆள் ஆடாமல் அசையாமல் இருந்தால் ஆள் இல்லை என்று முடிவெடுத்துவிடும். மூச்சு விடுகிற அசைவைக்கூடப் பிடிக்கிற மில்லிமீற்றர் அலை ராடார் உணரிகள் இப்போது வருகின்றன, விலையும் கொஞ்சம் கூட. நடை, கழிவறை, ஸ்ரோர் போன்ற போய் வருகிற இடங்களுக்கு மலிவான உணரியே காணும். ஆள் இருந்து படிக்கிற, கும்பிடுகிற இடத்துக்கு ராடார் உணரி, அல்லது ஒன்றுமே வேண்டாம். சாமி அறையில் ஒன்றுமே வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்தா.

இன்ரநெற் இல்லாத நாள்

2022 ஜூலை 8ஆம் திகதி கனடாவில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பெரிய தொலைத்தொடர்பு வலையமைப்பு நாடு முழுக்க விழுந்தது. போன் இல்லை, இன்ரநெற் இல்லை, கடையில் டெபிற் கார்ட் இல்லை, சிலருக்கு 911கூட எடுக்க முடியவில்லை. அப்படியான ஒரு நாளில் உங்கள் வீட்டு லைற் எரியுமா, கதவு திறக்குமா?

பல மலிவான சாதனங்கள், சுவரில் இருக்கிற லைற்றைப் போடுவதற்குக்கூட எங்கேயோ இருக்கிற நிறுவனத்தின் சேர்வருக்குப் போய்த் திரும்பி வருகின்றன. இன்ரநெற் போனால் அதுவும் போச்சு. நிறுவனம் மூடினாலும் போச்சு. ரிவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அதை வாங்கிய நெஸ்ற் நிறுவனம் 2016இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் வேலை செய்யாத பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்ரியொன் சேர்வர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் நின்றன. பிறகு அதைப் பாவித்தவர்களிலேயே சிலர் சேர்ந்து வாங்கி மீட்டார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

ஆகவே, பெட்டியில் பார்க்க வேண்டியது: வீட்டுக்குள்ளேயே, இன்ரநெற் இல்லாமல் வேலை செய்யுமா? சிக்பீ, சீ-வேவ் ஆகியவை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கிற பழைய, நம்பகமான முறைகள். 2022 ஒக்ரோபரில் ‘மேற்றர்’ என்ற பொதுத் தரம் வந்தது. அப்பிள், கூகுள், அமேசன், சாம்சுங் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது. அந்தக் குறி உள்ள சாதனம், அந்தத் தரத்தை ஏற்கிற வெவ்வேறு நிறுவனங்களின் அப்களோடு பெரும்பாலும் சேரும், அடிப்படைக் கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே ஓடும். புதிதாக வாங்குகிறவர்கள் அந்தக் குறியைத் தேடுவது நல்லது.

நான் இவற்றை எல்லாம் ஹோம் அசிஸ்ரன்ற் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளால் ஒரு சின்னக் கொம்பியூற்றரில் இணைத்திருக்கிறேன். எனக்கு அது விளையாட்டு. ஆனால் இவர் ஒரு நாள் கேட்டார்: “நீ வேலை விஷயமா வன்கூவர் போன கிழமை இது நிண்டால் நான் ஆரைக் கேக்கிறது?” நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் இது: என் கொம்பியூற்றர் நின்றாலும் எல்லா லைற்றும் சுவிச்சில் எரிய வேண்டும், கதவு சாவியில் திறக்க வேண்டும், சூடு கையால் கூட்டக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குசினி லாச்சியில் ஒரு கொப்பி இருக்கிறது. எந்தப் பெட்டி எதற்கு, எதை நூர்த்துத் திருப்பிப் போடுவது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.

தமிழ் விளங்காத வீடு

ஒலிபெருக்கி வாங்கிய முதல் கிழமை வீட்டில் ஒரே கொண்டாட்டம். மகன் பகிடி சொல்லச் சொல்லுவான், மகள் பாட்டுப் போடச் சொல்லுவாள். அம்மா மட்டும் தள்ளி நின்றா. அவவின் “லைற் ஒன்” அதற்கு விளங்கவில்லை. மூன்றாம் தரமும் விளங்காமல் அது மன்னிப்புக் கேட்க, பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அம்மா அதற்குப் பிறகு அதோடு பேசவில்லை.

நாங்கள் வாங்கிய ஒலிபெருக்கிக்குத் தமிழ் தெரியாது. ‘விளக்குப் போடு’ என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு தனிக் கட்டளையாக எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். மகள் சொன்னால் பிடிக்கும், அம்மா சொன்னால் பத்துக்கு நாலு தரம் பிடிக்கும். இந்தக் காலத்தில் இதைவிட நல்லதாக வரலாம். ஆனால் வரும் என்று நம்பி வீட்டின் லைற்றை அதன் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பு மகன் “அம்மம்மா, எத்தினை மணி?” என்று கேட்பான். ஒலிபெருக்கி வந்த பிறகு அதனிடம் கேட்டான், ஆங்கிலத்தில். நாங்கள் வீட்டுக்குள் தமிழைக் காப்பாற்றப் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். அம்மம்மாவிடம் கேட்கிற பத்துச் சின்னக் கேள்விகளில் ஆறு அந்தப் பெட்டியிடம் போய்விட்டது. அதைக் குசினியிலிருந்து எடுத்து பேஸ்மென்ற்றில் வைத்தோம், பாட்டுக் கேட்க மட்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 மே மாதம் அமெரிக்க அரசு, பிள்ளைகளின் அலெக்ஸா குரல் பதிவுகளைப் பெற்றோர் அழிக்கக் கேட்டும் வைத்திருந்ததாக அமேசன் மீது குற்றம் சாட்டியது. நிறுவனம் 25 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒலிபெருக்கி வைத்திருந்தால் பதிவுகள் எத்தனை நாள் சேமிக்கப்படும் என்ற அமைப்பைப் போய்ப் பாருங்கள். படுக்கையறையில் வைக்காதீர்கள்.

கமரா

நான் ஆகக் கூடுதலாக வெட்கப்படுகிற பகுதி இது.

வேலைக்குப் போனால் அம்மா தனிய. படிக்கட்டில் இடித்த கதைக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துவிட்டது. குசினியிலும் இருக்கிற அறையிலும் ஒவ்வொரு கமரா பூட்டினேன். “நீங்கள் விழுந்தா எனக்குத் தெரிய வேணும் அம்மா” என்றேன். “சரி பிள்ளை” என்றா.

பத்து நாள் கழித்து, மத்தியான இடைவேளையில் போனில் பார்க்கிறேன், அம்மா கதிரையில் நிமிர்ந்து இருக்கிறா. சீலை கட்டியிருக்கிறா. வீட்டில் சோட்டியோடு இருக்கிறவ. அடுத்த நாளும் சீலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் கால் நீட்டிக் கண்ணயர்கிறவ, இப்போது கதிரையை விட்டு அசையவில்லை. வாய்க்குள் தேவாரம் முணுமுணுப்பதும் நின்றுபோயிருந்தது.

பின்னேரம் கேட்டேன். “ஏன் அம்மா வீட்டில சீலை?”

“உங்கட ஒபீசில வேற ஆக்களும் பாப்பினமோ எண்டு.”

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதே 2023 மே மாதம், ரிங் கமரா நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க விடப்பட்டிருந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியிருந்தது. 5.8 மில்லியன் டொலர் தீர்வுடன் அந்த வழக்கு முடிந்தது. தொழில்நுட்பம் படிக்காத அம்மாவுக்கு வந்த பயம், படித்த எனக்கு வந்திருக்க வேண்டிய பயம்.

அம்மா இன்னொன்றும் சொன்னா: “நான் விழுந்தா பாக்கத்தான் எண்டாய். சரி. விழாத நேரமும் ஏன் பாக்கிறாய்?”

அன்றிரவே இரண்டையும் கழற்றினேன். இப்போது கமரா வாசலில் ஒன்று மட்டும். அதன் பதிவு வீட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது.

கேத்தில்

ஆனால் என் பயம் போய்விடவில்லை. இந்த முறை அம்மாவோடு இருந்து பேசினேன். எனக்கு என்ன தெரிய வேண்டும்? காலையில் நல்லபடியாக எழும்பினாவா என்பது. அவ எனக்கு எதைக் காட்டச் சம்மதம்? “தேத்தண்ணி குடிச்சிட்டன் எண்டு தெரிஞ்சாக் காணுமே?” என்று கேட்டா.

கேத்திலுக்கு மின்பாவனையை அளக்கிற ஒரு ஸ்மார்ட் பிளக் வைத்தோம். இங்கே கேத்தில் 1500 வாட் இழுக்கும். காலையில் அந்த அளவு மின்சாரம் ஓடினால் எனக்கு ஒரு வரி வரும்: ‘அம்மா தேத்தண்ணி வச்சிட்டா’. ஒன்பது மணிவரை வராவிட்டால் நான் கோல் எடுப்பேன். படம் இல்லை, குரல் இல்லை. அம்மாவுக்கும் அது என்ன செய்கிறது என்று முழுதாக விளங்கும்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பிளக் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். வட அமெரிக்காவில் 15 அம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். பிரித்தானியாவில் கேத்தில் 3 கிலோவாட் வரை இழுக்கும், ஆகவே 13 அம்பியருக்குக் குறைந்த பிளக் வேண்டாம். கனடாவில் சீ.எஸ்.ஏ. அல்லது சீ.யூ.எல். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத மலிவுச் சாமானில் சூடேறுகிற பொருட்களைக் கொழுவாதீர்கள். அதோடு, தூரத்திலிருந்து தற்செயலாகப் போடவோ நூர்க்கவோ முடியாதபடி அப்பில் பூட்டி வையுங்கள்.

காசு எங்கே போக வேண்டும்

இன்று திரும்பத் தொடங்கினால் இந்த ஒழுங்கில்தான் வாங்குவேன்.

முதலாவது, தண்ணீர்க் கசிவு உணரி. உள்ளங்கை அளவு, ஒன்று 20, 30 டொலர். சுடுதண்ணித் தாங்கிக்குக் கீழே, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால், பேஸ்மென்ற் மூலையில், சிங்குக்குக் கீழே. பெப்ரவரியில் எங்கள் தோய்க்கிற மெஷினின் குழாய் கசியத் தொடங்கியபோது அது கத்தியதால் ஒரு வாளித் தண்ணியோடு போச்சு. வீட்டில் வாங்கியதில் ஆகப் பிரயோசனமானது இதுதான்.

இரண்டாவது, புகை மற்றும் காபன் மொனொக்சைட் அலாரம். ஒன்றோடொன்று இணைந்தவையாக எடுங்கள். பேஸ்மென்ற்றில் ஒன்று அடித்தால் மேல்மாடியிலும் அடிக்கும். குசினிக்குக் கிட்ட இருப்பது அயனி வகையாக இல்லாமல் ஒளிமின் வகையாக இருக்கட்டும். வடை சுடுகிறபோது வீணாகக் கத்துவது குறையும். வீணாகக் கத்துகிற அலாரத்தின் பற்றரியை ஆராவது ஒரு நாள் கழற்றிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. ஸ்மார்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலாவதித் திகதியைப் பாருங்கள்.

மூன்றாவது, தெர்மோஸ்ராற். நாங்கள் ரொறொன்ரோ நிறுவனமான எகோபியின் ஒன்றை எடுத்தோம். காரணம் அறை உணரிகள். பழைய தெர்மோஸ்ராற் கீழ் நடையில் இருந்தது, அங்கே 21 பாகை என்றால் வடக்குப் பக்கத்து மேலறையில் அம்மா குளிரில் நடுங்குவா. இப்போது இரவில் அது அம்மாவின் அறைச் சூட்டைப் பார்த்து நடக்கிறது. பழைய வீடு என்றால் சுவரில் ‘சி’ வயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதற்கான துணைப்பெட்டி தேவைப்படும்.

நாலாவது, கதவுப் பூட்டு. இலக்கப் பலகையும் சாவித் துவாரமும் இரண்டுமே உள்ளதாக. கனடாக் குளிரில் பற்றரி கெதியில் இறங்கும். பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் வேறு வேறு இலக்கம். அம்மா இன்னமும் சாவிதான் பாவிக்கிறா. பாவிக்கட்டும்.

மின்கட்டணம் மிச்சம் பிடிக்க என்று எதையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒன்ராறியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு வாரநாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் மலிவு. கோப்பை கழுவுகிற மெஷினிலேயே பிந்தித் தொடங்குகிற பொத்தான் இருக்கும். அது இலவசம்.

கடைசியாக, இவை எல்லாவற்றையும் வைஃபையில் தனியான விருந்தினர் வலையமைப்பில் போடுங்கள். உங்கள் வங்கி வேலை நடக்கிற கொம்பியூற்றரும் 15 டொலர் பிளக்கும் ஒரே வலையில் இருக்கத் தேவையில்லை.

வாங்க முதல்

இப்போது ஏதாவது புதிதாகக் கண்ணில் பட்டால், வண்டிலில் போட முதல் வீட்டில் வாய்விட்டுக் கேட்கிறேன். அப் இல்லாத ஆள் இதை எப்படிப் பாவிப்பது? இன்ரநெற் இல்லாத நாள் என்ன நடக்கும்? இது ஆரைப் பார்க்கும், ஆரைக் கேட்கும், அவர்களிடம் கேட்டாச்சா? நான் இல்லாவிட்டால் ஆர் திருத்துவது? அரைவாசிச் சாமான் இந்தக் கேள்விகளிலேயே கழன்றுவிடும். இவருக்கு அதில் நல்ல சந்தோஷம்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி தாண்டியும் கேத்தில் செய்தி வரவில்லை. கூட்டத்தின் நடுவில் எழும்பிப் போய்க் கோல் எடுத்தேன். ஐந்தாவது மணிக்கு எடுத்தா.

“என்ன பிள்ளை?”

“தேத்தண்ணி வைக்கேல்லையே அம்மா?”

“இண்டைக்குப் பால் குடிப்பம் எண்டு மைக்ரோவேவில சூடாக்கினன். அதுக்குள்ள உன்ர கேத்தில் கோள்மூட்டிப் போட்டுதே?”

கூட்டத்துக்குத் திரும்பிப் போக அரை மணித்தியாலம் ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரர் பனி வழித்துத் தந்த கதை, மகனின் மதியச் சாப்பாட்டுப் பெட்டி மேசையில் மறந்து கிடக்கிற கதை எல்லாம் கேட்டு முடித்துத்தான் போனேன். மைக்ரோவேவுக்கும் ஒரு பிளக் வைப்பமோ என்று இவர் பின்னேரம் பகிடியாகக் கேட்டார். வேண்டாம் என்றேன்.